குழந்தைக்கு யூரோடைனமிக்ஸ் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காங்களா? வீட்டு டைரியில ஆரம்பிச்சு ரிப்போர்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

யூரோடைனமிக்ஸ்னா பிளாடர்ல, அதாவது உச்சா சேர்ற சிறுநீர்ப்பையில, பிரஷர் எவ்வளவுன்னு மெல்லிய டியூப் வெச்சு அளக்குற டெஸ்ட். டாக்டர் சீட்டுல "யூரோடைனமிக்ஸ்"னு எழுதினதைப் பாத்ததும் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசல்லயே போனை எடுத்து வீடியோ தேடுறாங்க, டியூப் வைக்கிறதைப் பாத்துட்டு பயந்து அப்படியே வீட்டுக்குப் போயிடறாங்க. மீதிப் பேர் நேர்மாறு, "எதுக்கு சிஸ்டர் ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டு, அந்தப் பெரிய டெஸ்டையே எடுத்துடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. நான் சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில இந்த டெஸ்ட் எடுக்கிற ரூம்லதான் நர்ஸா இருக்கேன், ரெண்டு கூட்டத்தையும் தினமும் பாக்குறேன். உச்சா பிரச்சனையோட வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு டியூப் இல்லாத டெஸ்ட்லயே விடை கிடைச்சிடும். ஆனா முதுகுத்தண்டு, நரம்பு சம்பந்தப்பட்ட பிள்ளைங்களுக்கு டியூப் வெச்சு எடுக்கிறதைத் தள்ளிப் போடவே கூடாது, ஏன்னா அங்க கெட்டுப்போறது கிட்னி. உங்க பிள்ளை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வரிசை. உங்க டாக்டர் சொல்றதுக்கு பதிலா இதை எடுத்துக்காதீங்க, அவர் சொல்றது புரியறதுக்காக எடுத்துக்குங்க.

யாருக்கு டெஸ்ட், யாருக்கு பொறுமை

5 வயசுக்குக் கீழ ராத்திரி படுக்கையில போறது வியாதியே இல்ல. 5 வயசுல கூட நூறு பிள்ளைங்கள்ல சுமார் 15 பேர் நனைக்கிறாங்க, அதுல வருஷா வருஷம் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு தானா நின்னுடும். பகல்ல ஒரு தொந்தரவும் இல்லாம ராத்திரி மட்டும் போற பிள்ளைக்கு, டாக்டர் நல்லா விசாரிச்சு, வயித்தையும் முதுகையும் தொட்டுப் பாத்து, ஒரு யூரின் டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் அதுவே போதும். "வளர்ந்தா சரியாயிடும்"னு பாட்டி சொல்றது இந்த ஒரு இடத்துல சரிதான், ஆனா அதையே எல்லாத்துக்கும் சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது.

கீழ சொல்றது எதாவது இருந்தா காத்திருக்காதீங்க. காய்ச்சலோட யூரின் இன்ஃபெக்ஷன் வந்தது. பையன் உச்சா போறப்போ முக்கி முக்கிப் போறது, தண்ணி வேகமே இல்லாம சொட்டு சொட்டா விழறது. பொண்ணு பாத்ரூம் போய் வந்தாலும் இல்லாட்டியும் நாள் முழுக்க ஜட்டி ஈரமாவே இருக்கிறது, அதாவது நனையாத நேரமே இல்லாம இருக்கிறது, அது கிட்னியில இருந்து வர்ற குழாய் தப்பான இடத்துல வந்து திறக்கிறதால கூட இருக்கலாம். இடுப்புக்குக் கீழ, முதுகு முடியற இடத்துல ஒரு குழியோ, முடிக்கொத்தோ, கொழுப்புக் கட்டியோ இருக்கிறது. நடை மாறிப்போறது, ஒரு கால் மெலிஞ்சு வர்றது. ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை திடீர்னு திரும்ப ஆரம்பிக்கிறது. அதோட சேந்து பிள்ளை தண்ணியா குடிக்குது, எடையும் குறையுதுன்னா பிளாடர் டெஸ்ட்டை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அன்னிக்கே சுகர் பாத்துடுங்க.

இன்னொண்ணு, இதை நிறைய பெத்தவங்க கவனிச்சிருப்பாங்க, ஆனா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாங்க. விளையாடிக்கிட்டு இருக்கிற பொண்ணு திடீர்னு குத்துக்கால் போட்டு உட்காந்து, ஒரு குதிகாலை அடியில வெச்சு அழுத்திக்கிட்டு, முகத்துல ஒண்ணுமே தெரியாத மாதிரி அசையாம இருக்கும், ஒரு நிமிஷம் கழிச்சு எழுந்து மறுபடி ஓடும். நாம விளையாட்டுன்னு நெனச்சுக்குவோம். அது பிளாடர் திடீர்னு சுருங்குறப்போ உச்சா வெளிய வராம பிள்ளை தானா கண்டுபிடிச்ச பூட்டு. இதை ஒரு தடவை போன்ல வீடியோ எடுத்து வெச்சிருந்தீங்கன்னா டாக்டருக்கு பத்து கேள்வி மிச்சம்.

படி 1: வீட்டு டைரி

இதைத்தான் எல்லாரும் சும்மா ஃபார்மாலிட்டினு நெனச்சு ஆஸ்பத்திரி காரிடார்ல உட்காந்து ஞாபகத்துல இருந்து நிரப்புவாங்க, எல்லா கட்டத்துலயும் 100, 100, 100னு இருக்கும், பாத்ததுமே தெரிஞ்சிடும். என்னைக் கேட்டா இந்த மொத்த வரிசையிலயும் பாதி விடை இந்தத் தாள்லதான் இருக்கு, அதுவும் காசே இல்லாம.

சனி ஞாயிறு ரெண்டு நாள் எடுத்துக்குங்க, ஏன்னா ஸ்கூல்ல யாரும் அளந்து தர மாட்டாங்க. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒண்ணு வாங்கிக்குங்க, இல்லன்னா வீட்டுல பழைய ஃபீடிங் பாட்டில் கிடக்கும், அதுல 50 மில்லியா தண்ணி அளந்து ஒரு அகலமான டப்பாவுல ஊத்தி ஊத்தி மார்க்கர்ல கோடு போட்டுட்டா அதுவே போதும். காலையில எழுந்ததுல இருந்து எத்தனை மணிக்கு என்ன குடிச்சது, எவ்வளவு, எத்தனை மணிக்கு உச்சா, எத்தனை மில்லி, ஜட்டி ஈரமா, ஈரம்னா சொட்டா இல்ல முழுசா, ஓடி வந்துதா இல்ல நீங்க கூப்பிட்டுப் போனதா, எல்லாம் எழுதுங்க. குடிக்கிறதுன்னா தண்ணி மட்டும் இல்ல, பால், மோர், இளநீர், காபி, கோலா எல்லாம் சேத்தி, முக்கியமா காபியும் கோலாவும், ஏன்னா அதுல இருக்கிற கஃபீன் பிளாடரைக் கிளறி விடும். அன்னிக்குன்னு ஸ்பெஷலா நிறைய தண்ணி குடிக்க வைக்காதீங்க, எப்பவும் எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும். மே மாச வெயில்ல எடுத்தா வேர்வையிலயே பாதி போயிடும், முடிஞ்சா ஏசியோ ஃபேனோ இருக்கிற வீட்டுக்குள்ள இருக்கிற நாளா பாத்து எடுங்க.

ராத்திரி நனைக்கிற பிள்ளைன்னா ஏழு ராத்திரி கணக்கு வேணும். டயாபர் போட்டா காய்ஞ்சதை ஒரு தடவை எடை போட்டு, காலையில ஈரமானதை எடை போட்டு கழிச்சுக்குங்க, ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. சமையல் ரூம்ல கேக் செய்ய வெச்சிருக்கிற சின்ன டிஜிட்டல் தராசே போதும், ஒரு கவர்ல போட்டு வைங்க. காலையில எழுந்ததும் போற முதல் உச்சாவையும் அந்த ராத்திரி கணக்குல சேத்துக்குங்க.

இப்போ கணக்கு. 4ல இருந்து 12 வயசு வரைக்கும் பிளாடர் எவ்வளவு பிடிக்கணும்ங்கிறதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு: வயசோட 1 கூட்டி 30ஆல பெருக்குங்க. 6 வயசுன்னா 210 மில்லி, 8 வயசுன்னா 270, 12ல 390, அதுக்கு மேல அந்த 390தான். பகல்ல போனதுலயே பெரிய அளவு எதுன்னு பாருங்க, காலையில எழுந்ததும் போற முதல் உச்சாவை மட்டும் இதுல சேக்காதீங்க. அது எதிர்பாத்ததுல 65 சதவீதத்துக்குக் கீழன்னா பிளாடர் சின்னதா வேலை செய்யுதுன்னு அர்த்தம், 150 சதவீதத்துக்கு மேலன்னா பிள்ளை ரொம்ப நேரம் அடக்கி அடக்கி அது பெருத்துப்போயிருக்குன்னு அர்த்தம். ராத்திரி மொத்தம் 130 சதவீதத்துக்கு மேல வந்தா பிளாடர் மேல தப்பு இல்ல, ராத்திரி கிட்னி உற்பத்தி பண்றதே அதிகம். எத்தனை தடவைங்கிறதும் முக்கியம், பகல்ல 4ல இருந்து 7 தடவை சாதாரணம், 8ம் அதுக்கு மேலயும் அதிகம், 3ம் அதுக்குக் கீழயும் கம்மி.

நம்ம ஊர்ல இந்தக் கடைசி வகைதான் நிறைய வருது. ஸ்கூல் பாத்ரூம் நாறுதுன்னு காலையில ஏழு மணிக்கு வீட்டுல போன பிள்ளை, வாட்டர் பாட்டிலைத் திறக்காமலே கொண்டுபோய், சாயங்காலம் நாலு மணிக்கு வேன்ல இருந்து இறங்கி ஷூவைக் கூட கழட்டாம பாத்ரூமுக்கு ஓடும், வாசப்படியிலயே நனைஞ்சிடும். இதுக்கு மாத்திரை இல்ல, மொதல்ல ஸ்கூல்ல பேசணும். கிளாஸ் மிஸ்கிட்ட டாக்டர் லெட்டர் கொடுத்தா இன்டர்வெல்லுக்குக் காத்திருக்காம அனுப்புவாங்க.

படி 2: மலச்சிக்கல் இருக்கான்னு பாருங்க

"மோஷன் டெய்லி போறான் சிஸ்டர்"னு சொல்வாங்க. எப்படிப் போறான்னு கேட்டா தெரியாது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையா வருதா, பாத்ரூமை அடைக்கிற அளவு பெருசா வருதா, வலிக்குதுன்னு சொல்றானா, ஜட்டியில கறை படுதா, இதெல்லாம் டைரியில ஒரு ஓரமா ஒரு வாரம் எழுதுங்க. மலக்குடல் பிளாடருக்கு நேர் பின்னால இருக்கு, அது நிறைஞ்சு வீங்கினா முன்னால இருக்கிற பிளாடரை நசுக்கும், அதனால முழுசா நிறையவும் முடியாது, முழுசா காலியாகவும் முடியாது. 1997ல அமெரிக்காவுல வேரா லோனிங்-பாக்னு ஒரு குழந்தை டாக்டர் மலச்சிக்கல் உள்ள பிள்ளைங்களை வெச்சுப் பாத்தாங்க, மலச்சிக்கல் சரியானவங்கள்ல பகல்ல நனைக்கிறது 89 சதவீதம் பேருக்கும் ராத்திரி நனைக்கிறது 63 சதவீதம் பேருக்கும் நின்னுபோச்சு. பிளாடருக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணாமலே. அதனால டாக்டர் மொதல்ல மோஷனுக்கு பவுடர் எழுதிக் கொடுத்து ரெண்டு மாசம் கழிச்சு வாங்கன்னா, "உச்சாவுக்கு வந்தா வயித்துக்கு மருந்து தர்றாரே"ன்னு வேற டாக்டரைத் தேடிப் போகாதீங்க.

படி 3: யூரின் டெஸ்ட், கல்ச்சர்

இது சின்ன வேலை. நடுவுல வர்ற உச்சாவைப் பிடிக்கணும், பிடிக்கிறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில கழுவினா போதும். கல்ச்சர்னா யூரின்ல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பாக்குறது. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதுக்குக் கொடுத்துடுங்க, வீட்டுல மிச்சம் இருந்த மருந்தை ரெண்டு வேளை கொடுத்துட்டு வந்தீங்கன்னா கிருமி வளராது, ரிப்போர்ட் நார்மல்னு வரும். சின்னக் குழந்தைக்கு ஒட்டுற பிளாஸ்டிக் பையில பிடிச்ச யூரின்ல தோல்ல இருக்கிற கிருமியும் கலந்துடும், அதுல பாசிடிவ்னு வந்தா அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டாங்க. வெயில் காலம் வந்தா "உடம்பு சூடு, அதான் நீர்க்கடுப்பு"ன்னு பார்லித் தண்ணி கொடுக்கிறது நம்ம வீடுகள்ல பழக்கம், கொடுங்க, தப்பில்ல, ஆனா காய்ச்சல் இருந்தா பார்லித் தண்ணியோட நிறுத்திடாதீங்க.

படி 4: ஸ்கேன்

வயித்து ஸ்கேன்ல ரெண்டு கிட்னியோட அளவு, வீக்கம், பிளாடர் சுவரோட தடிமன், உச்சா போனதுக்கு அப்புறம் மிச்சம் எவ்வளவு, எல்லாம் தெரியும். மலக்குடல் விட்டம் 3 செ.மீ.க்கு மேலன்னா மலச்சிக்கலுக்கு அது ஒரு நல்ல சாட்சி. வலி கிடையாது, ஊசி கிடையாது.

ஆனா இங்கதான் நெறைய ரிப்போர்ட் தப்பா வருது. ஸ்கேன் சென்டர்ல "தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க"ன்னு சொல்வாங்க, டோக்கன் நம்பர் நாப்பது, பிள்ளை ஒரு லிட்டர் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் முட்டிக்கிட்டு உட்காந்திருக்கும், அளவுக்கு மேல நிறைஞ்ச பிளாடர் யாருக்குமே ஒழுங்கா காலியாகாது. அப்புறம் உச்சா போயிட்டு வந்து மறுபடி வரிசையில இருபது நிமிஷம் நிக்கும், குடிச்ச தண்ணி அதுக்குள்ள திரும்பவும் இறங்கி நிறைஞ்சிருக்கும். ரிப்போர்ட்ல "மிச்சம் 60 மில்லி"ன்னு வரும், அம்மா அழுதுக்கிட்டு வருவாங்க. வந்ததும் ரிசப்ஷன்ல சொல்லிடுங்க: பிள்ளைக்கு வழக்கமா வர்ற மாதிரி முட்டினதும் எடுக்கணும், போயிட்டு வந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள மறுபடி பாக்கணும். தாம்பரத்துல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வர்றவங்க வீட்டுலயே தண்ணியை நிரப்பிட்டுக் கிளம்பாதீங்க, இடத்துக்கு வந்து குடிச்சுக்கலாம்.

மிச்சத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. 4ல இருந்து 6 வயசுல ஒரு தடவை அளந்ததுல 30 மில்லிக்கு மேல, திரும்ப அளந்தாலும் 20க்கு மேலன்னா கவனிக்கணும். 7ல இருந்து 12 வயசுல அதே 20ம் 10ம். ஒரே ஒரு தடவை வந்த நம்பரை வெச்சு யாரும் பயப்பட வேணாம்.

படி 5: யூரோஃப்ளோ

ஒரு நாற்காலி, அதுல ஓட்டை, கீழ ஒரு புனல், அதுக்குக் கீழ எடையை உணர்ற ஒரு மெஷின். பிள்ளை உட்காந்து உச்சா போகும், செகண்டுக்கு எத்தனை மில்லின்னு கம்ப்யூட்டர்ல ஒரு கோடு விழும். அவ்வளவுதான். சில இடத்துல இடுப்புக்குக் கீழ ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, உச்சா போறப்போ கீழ் தசை தளருதா இல்ல இறுகுதான்னு பாக்க. ஸ்டிக்கரைப் பிரிச்சு எடுக்கிறப்போ லேசா சுருக்குன்னு இருக்கும்.

கோட்டோட வடிவம்தான் விஷயம். மணி கவுத்த மாதிரி வழுவழுன்னு ஏறி இறங்கினா நல்லது. சட்டுன்னு கோபுரம் மாதிரி உசரமா ஏறி குறுகலா முடிஞ்சா பிளாடர் அவசரப்பட்டுச் சுருங்குது. மேடை மாதிரி தட்டையா இழுத்துக்கிட்டே போனா வழியில எதோ அடைப்பு, பையன்னா அதை உடனே பாக்கணும். அப்புறம் மெட்ரோ வாட்டர் குழாய்ல காத்து அடைச்சு அடைச்சு தண்ணி வர்ற மாதிரி வெட்டி வெட்டி வர்ற கோடு ஒண்ணு உண்டு, பிளாடர் தள்ளுறப்போ பிள்ளை கீழ் தசையை இறுக்கிப் பிடிக்குதுன்னு அர்த்தம், ஸ்கூல்ல அடக்கி அடக்கிப் பழகின பிள்ளைங்ககிட்ட இதைத்தான் அதிகம் பாக்குறேன். நடுவுல சுத்தமா நின்னு நின்னு வந்தா பிளாடர்ல தெம்பு இல்லாம வயித்தால தள்ளுது. வேகம் சரியான்னு பாக்க ஒரு வழி, உச்ச வேகத்தை அதாலயே பெருக்கினா வர்ற எண் போன அளவுக்கு சமமாவோ அதிகமாவோ இருக்கணும், உச்ச வேகம் செகண்டுக்கு 16 மில்லின்னா பெருக்கினா 256, பிள்ளை 200 மில்லி போயிருந்தா தாராளம்.

ஒரு தடவை போனதை வெச்சு முடிவு பண்ண மாட்டோம், ரெண்டு மூணு தடவை வேணும், ஒவ்வொரு தடவையும் எதிர்பாக்குற அளவுல பாதிக்கு மேல போயிருந்தாத்தான் கணக்குல வரும். அதனால காலையில வந்தா மதியம் ஆயிடும், சாப்பாட்டுக் கேரியரும் மாத்துத் துணியும் எடுத்துட்டு வாங்க. காலுக்கு முக்காலி கேளுங்க, தொங்குற காலோட எந்தப் பிள்ளையும் தளர்ந்து உட்காராது. வீட்டுல இந்தியன் டாய்லெட் மட்டும் பழகின பிள்ளையை ரெண்டு நாள் முன்னாடியே எங்காவது வெஸ்டர்ன்ல உட்கார வெச்சுப் பழக்குங்க. அப்பா கதவுகிட்ட நின்னு "போடா, சீக்கிரம் போடா"ன்னு கத்தினா வராது, வெளிய போய் நில்லுங்க.

படி 6: எம்சியூ வேற, யூரோடைனமிக்ஸ் வேற

ரெண்டுலயும் டியூப் இருக்கிறதால எல்லாரும் குழப்பிக்கிறாங்க. எம்சியூ எக்ஸ்ரே ரூம்ல எடுக்கிறது, டியூப் வழியா மருந்துத் தண்ணி நிரப்பி படம் எடுப்பாங்க, உச்சா மேல கிட்னிப் பக்கம் திரும்புதா, பையன்னா உச்சா வழியில பிறவி வால்வு அடைச்சிருக்கான்னு அதுல தெரியும். திரும்புறதை 1ல இருந்து 5 வரைக்கும் கிரேடு போடுவாங்க, 5தான் மோசம். டிஎம்எஸ்ஏ ஸ்கேன் இன்னொண்ணு, இன்ஃபெக்ஷனால கிட்னியில தழும்பு விழுந்திருக்கான்னு பாக்க, காய்ச்சல் வந்து சில மாசம் கழிச்சு எடுப்பாங்க. இந்த ரெண்டும் படம். யூரோடைனமிக்ஸ் பிரஷர் அளக்குறது. சில இடத்துல ரெண்டையும் சேத்து ஒரே நேரத்துல எடுப்பாங்க, அது வீடியோ யூரோடைனமிக்ஸ், வசதி இருந்தா பிள்ளைக்கு ஒரு டியூப் மிச்சம்.

படி 7: யூரோடைனமிக்ஸ்

யாருக்கு கட்டாயம்? முதுகுத்தண்டு மூடாம பிறந்து ஆபரேஷன் ஆன குழந்தைங்க, தண்டுவட நுனி ஒட்டி இழுபட்டவங்க, வால் எலும்புப் பகுதி வளராதவங்க, ஆசனவாய் இல்லாம பிறந்தவங்கள்ல முதுகுத்தண்டுலயும் குறை உள்ளவங்க, வால்வு ஆபரேஷன் ஆன பையங்க, அப்புறம் மேல சொன்ன எல்லாம் பண்ணியும், மாத்திரை கொடுத்தும், மாசக் கணக்கா மாறாத பிள்ளைங்க. முதுகுத்தண்டு குழந்தைக்கு முதல் சில மாசத்துலயே ஒண்ணு எடுத்து வெச்சுக்கணும், "இன்னும் டயாபர் போடற வயசுதானே"ன்னு விட்டா கிட்னி கெடுறது வெளிய தெரியாது, வலிக்கவும் வலிக்காது.

முன்னாடியே செய்ய வேண்டியது. யூரின் கல்ச்சர் சுத்தமா இருக்கணும், இன்ஃபெக்ஷன் இருந்தா தள்ளி வைப்போம். முந்தின நாள் மோஷன் போயிருக்கணும், நிறைஞ்ச மலக்குடல்ல அளந்தா கோடு பொய் சொல்லும். ஆக்ஸிபியூடினின், டால்டெரோடின் மாதிரி பிளாடர் சுருங்குறதை அடக்குற மருந்து சாப்பிட்டா நிறுத்தணுமா வேணாமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, மருந்து இல்லாம பிளாடர் எப்படின்னு பாக்கணும்னா நிறுத்தச் சொல்வார், மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னா தொடரச் சொல்வார், நீங்களா முடிவு பண்ணாதீங்க. பலூன் ஊதினா உதடு வீங்குது, ரப்பர் கையுறை பட்டா தடிக்குதுன்னா மொதல்லயே சொல்லுங்க. முதுகுத்தண்டு குழந்தைங்களுக்கு லேடெக்ஸ் அலர்ஜி அதிகம், ஆபத்தான அளவுக்குப் போகும், லேடெக்ஸ் இல்லாத சாமான் வேணும்.

மயக்க மருந்து கொடுத்து எடுத்துடுங்கன்னு கேப்பாங்க. முடியாது, பிள்ளை முழிச்சிருந்தாத்தான் எப்போ முட்டுதுன்னு சொல்லும், தானா உச்சா போகும். அதனால வீட்டுல பொய் சொல்லாதீங்க. "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சும்மா பாப்பாங்க"ன்னு கூட்டிட்டு வந்த பிள்ளை டியூபைப் பாத்த நிமிஷம் நம்புறதை விட்டுடும், அப்புறம் நான் என்ன சொன்னாலும் கேக்காது. "உச்சா வர்ற இடத்துல ஒரு சின்ன குழாய் வைப்பாங்க, வைக்கிறப்போ கொஞ்சம் எரியும், அப்புறம் எரியாது, அம்மா பக்கத்துலயே இருப்பேன்"னு சொல்லிட்டு வாங்க.

ரூம்ல நடக்கிறது இதுதான். மொதல்ல யூரோஃப்ளோ ஒண்ணு. அப்புறம் படுக்க வெச்சு மரத்துப் போற ஜெல்லி தடவி சில நிமிஷம் காத்திருப்போம், இந்த நிமிஷங்களை அவசரப்பட்டு வெட்டுற இடத்துல பிள்ளைங்க அலறும். 6 ஃப்ரெஞ்ச் டியூப், ரெண்டு மில்லிமீட்டர் தடிமன், அதுக்குள்ளயே ரெண்டு வழி, ஒண்ணுல தண்ணி போகும், இன்னொண்ணுல பிரஷர் அளக்கும். பொண்ணுங்களுக்கு சட்டுன்னு முடிஞ்சிடும், பையங்களுக்கு வழி நீளம், நடுவுல ஒரு இடத்துல தசை இறுகும், அப்போ ஊதச் சொல்வோம், சோப்பு நுரை ஊதுற டப்பா எங்க டிராயர்ல எப்பவும் இருக்கும். ஊதுறப்போ தசை தானா தளரும், டியூப் போயிடும். ஆசனவாய்ல இன்னொரு மெல்லிய டியூப், வயித்துக்குள்ள இருக்கிற பிரஷரை அளக்க. பிளாடர் பிரஷர்ல இருந்து இதைக் கழிச்சா பிளாடர் தசையோட சொந்த பிரஷர் வரும். இருமச் சொல்வோம், ரெண்டு கோடும் ஒண்ணா குதிச்சு, கழிச்ச கோடு அசையாம இருந்தா டியூப் சரியா இருக்கு.

அப்புறம் உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கின சலைன் மெதுவா போகும். எதிர்பாக்குற அளவுல நிமிஷத்துக்கு 5ல இருந்து 10 சதவீதம், 7 வயசுக்கு 240 மில்லின்னா நிமிஷத்துக்கு அதிகபட்சம் 24 மில்லி. வேகமா ஏத்தினா நல்ல பிளாடரும் முரண்டு பிடிக்கும். பிள்ளைகிட்ட "எப்போ லேசா வருது, எப்போ அடக்க முடியல"ன்னு கேப்போம், பேசாத குழந்தைன்னா காலைப் பாப்போம், கட்டை விரல் மடங்கும், தொடை நெருங்கும், அந்த நேரத்தைக் கோட்டுல குறிச்சுக்குவோம். நிறைஞ்சதும் டியூபோடயே உச்சா போகணும். பிள்ளைங்களுக்கு குறைஞ்சது ரெண்டு சுத்து எடுப்போம். எல்லாம் சேந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகலாம். போன்ல கார்ட்டூன் போட்டு வைங்க, ஆனா சிரிப்பு வர்ற கார்ட்டூன் வேணாம், சிரிச்சா வயித்துக் கோடு குதிச்சுக்கிட்டே இருக்கும்!

முடிஞ்சதும் அன்னிக்கு நல்லா தண்ணி குடிக்க வைங்க. ஒண்ணு ரெண்டு தடவை எரியும், லேசா ரோஸ் கலர்ல வரலாம். எரிச்சலுக்கு பயந்து அடக்கினா வெதுவெதுப்பான தண்ணியில உட்கார வெச்சு அதுலயே போக விடுங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தக்கட்டி, உச்சாவே வராம வயிறு முட்டுறது, இதுல எது வந்தாலும் ராத்திரியானாலும் கூட்டிட்டு வந்துடுங்க.

எங்க எடுக்கிறது

போன் பண்ணி "யூரோடைனமிக்ஸ் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. "எத்தனை வயசுப் பிள்ளை வரைக்கும் எடுப்பீங்க, 6 ஃப்ரெஞ்ச் டியூப் இருக்கா, குழந்தை யூரோ டாக்டர் பக்கத்துல இருப்பாங்களா, அம்மாவை உள்ள விடுவீங்களா"ன்னு கேளுங்க. பெரியவங்களுக்கு எடுக்கிற இடத்துல குழந்தைக்கு எடுத்தா கோடு வரும், அர்த்தம் வராது. செலவு கஷ்டம்னா எழும்பூர் ஹால்ஸ் ரோட்டுல இருக்கிற அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில காலையில ஓபி சீட்டு போட்டு ஆரம்பிங்க, எந்த டெஸ்ட் எங்க எடுக்கணும்னு அங்கயே வழி சொல்வாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் டெஸ்ட்டுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்ட்டர்ல காட்டிக் கேளுங்க, பில் போட்டதுக்கு அப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல.

ரிப்போர்ட்டைப் படிக்கிறது

நிரப்புறப்போவே பிளாடர் தன்னால சுருங்கினா அது அதீத சுறுசுறுப்பு, மாத்திரையும் பழக்க மாத்தமும் இருக்கு. போற நேரத்துல கீழ் தசை இறுகுது, ஆனா நரம்புல கோளாறு இல்லன்னா தளரப் பழக்குற பயிற்சி, கம்ப்யூட்டர்ல கோட்டைப் பாத்துக்கிட்டே விளையாட்டு மாதிரி கத்துக் கொடுப்பாங்க, பிள்ளைங்க நல்லா பிடிச்சுக்குவாங்க.

முக்கியமா தேட வேண்டியது நிரப்புறப்போ பிரஷர் எவ்வளவு ஏறிச்சுங்கிற எண். நல்ல பிளாடர் நிறைய நிறைய விரிஞ்சு கொடுத்து பிரஷரைக் கம்மியாவே வெச்சிருக்கும். இந்தப் பிரஷரை "செ.மீ. தண்ணி"ங்கிற அலகுல எழுதுவாங்க. உச்சா கசியற நேரத்துல பிரஷர் 40 செ.மீ. தண்ணிக்கு மேல இருந்தா கிட்னிக்கு ஆபத்துன்னு 1981ல மெக்வையர்ங்கிற டாக்டரோட குழு முதுகுத்தண்டு குழந்தைங்ககிட்ட காட்டினதுல இருந்து அந்த 40ஐ எல்லா டாக்டரும் பாக்குறாங்க. 40ஐத் தொடலைன்னா நிம்மதின்னும் இல்ல, பிரஷர் குறைவா இருந்தா நல்லது, அவ்வளவுதான்.

பிரஷர் அதிகம், காலியும் ஆகலைன்னா டாக்டர் சிஐசி சொல்வார், நாள்ல சில தடவை நீங்களே சுத்தமான டியூபை விட்டு உச்சாவை எடுத்துட்டு டியூபை வெளிய எடுத்துடறது. கேட்டதும் எல்லா அம்மாவும் அழுவாங்க. 1972ல மிச்சிகன்ல லாபிடெஸ்னு ஒரு யூரோ டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கிருமியே இல்லாம செய்ய வேணாம், கையைச் சோப்பு போட்டுக் கழுவி செஞ்சாலே போதும்னு காட்டினார், அதுக்கு அப்புறம்தான் இது வீட்டு வேலையா மாறி எத்தனையோ குழந்தைங்க கிட்னி தப்பிச்சிருக்கு. ரெண்டு வாரத்துல கை பழகிடும், ஏழெட்டு வயசுல நிறைய பிள்ளைங்க தாங்களே செய்ய ஆரம்பிச்சுடுவாங்க.

நரம்புப் பிரச்சனை உள்ள பிள்ளைக்கு ஒரு தடவையோட முடியாது, பிள்ளை உயரமாகுறப்போ தண்டுவடம் இழுபட்டு பிளாடர் மாறும், அதனால டாக்டர் சொல்ற இடைவெளியில திரும்ப எடுக்கணும், நடுவுல நனையறது கூடினாலோ கால் தளர்ந்தாலோ காத்திருக்காம வரணும். ரிப்போர்ட்ல கடைசியில இருக்கிற ரெண்டு வரியை மட்டும் வாங்கிட்டுப் போகாதீங்க, கோடு போட்ட கிராஃப் தாளையும் கேட்டு வாங்கி டைரியோட சேத்து ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, போன்லயும் போட்டோ எடுத்துக்குங்க, அந்த மெஷின் தாள்ல சிலது ஒரு வருஷத்துல வெளுத்துப்போயிடும், அடுத்த தடவை வேற டாக்டர் ஒப்பிட்டுப் பாக்க அந்தக் கோடுதான் வேணும்.